கசியாத ஓட்டை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய அம்பாசடர் டீசல் காரில் போய்க் கொண்டிருந்தேன். சமவெளியில் குறையொன்றும் இல்லாமல் ஓடிவந்த கார், மலை ஏறத் தொடங்கியதும் இருமத் தொடங்கியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு நெம்புகோலைக் கையால் இருபது முப்பது முறை அடித்தார். வண்டி கிளம்பியது. அரைக் கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. கடைசியில் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினோம். இறக்கத்தில் ஒரு தொந்தரவும் இல்லை!

அந்தக் கார் அவருடைய சொந்தக் கார். பழைய வண்டியாக வாங்கி, அதை வைத்தே குடும்பத்தை நடத்தி வந்தார். அந்த மாதத்தில் அப்படிப் பாதியில் திரும்பியது அது மூன்றாவது முறை. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, டீசல் பம்பு தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்ன தொகை அவருடைய இரண்டு மாத வருமானத்துக்கும் மேல். "வீட்டுல வளையல் இருக்குதுங்க. அதை வெச்சா ஆகும். இல்லைன்னா வண்டியைத்தான் எடைக்குப் போடோணும்" என்றார்.

பம்பு உண்மையிலேயே குற்றவாளிதானா? இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பம்பைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். அதற்கு முதலில் டீசல் எஞ்சினைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடேறும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி தேவைப்படுகிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. உருளைக்குள் இருக்கும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறிவிடுகிறது. அந்த நொடியில் டீசலைப் புகைபோல நுண்ணிய திவலைகளாகத் தெளித்தால், தானே பற்றிக்கொள்ளும்.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம் எஞ்சினை 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். ஆனால் அது காருக்குள் அடங்கும் சாதனமாக இல்லை. நெருக்கப்பட்ட காற்றுக்குள் எரிபொருளைப் புகுத்த, அதைவிடவும் அதிகமாக நெருக்கப்பட்ட காற்றால் ஊதித் தள்ள வேண்டியிருந்தது. அதற்குத் தனியாக ஒரு பெரிய காற்றமுக்கி வேண்டும். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் டீசலை நேரடியாகவே அழுத்தித் தெளிக்கும் சிறிய பம்புகளைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்கும் காருக்கும் பொருத்தமானதாக ஆயிற்று. 1936-இல் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வெளிவந்தது. நம் நாட்டு அம்பாசடருக்கு 1489 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் வந்தது 1980-ஐ ஒட்டித்தான். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அந்தக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வயதான வண்டிகளே.

ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்கு

ஒரு முறை தெளிக்கும்போது எவ்வளவு டீசல் போகும்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர் செலவாகும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்போம். நான்கு உருளைகள், ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு தெளிப்பு. ஆக நிமிடத்துக்கு 6000 தெளிப்பு, மணிக்கு 3,60,000 தெளிப்பு. 5 லிட்டர் என்பது 50 லட்சம் கன மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு தெளிப்புக்குக் கிடைப்பது சுமார் 14 கன மில்லிமீட்டர்!

மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த அளவை, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் பம்பு அனுப்ப வேண்டும். அந்த அழுத்தம் வந்தால்தான், உருளையின் தலையில் இருக்கும் தெளிப்பான் வாய் திறக்கும். பட்டறையில் இதை 'நாசில்' என்பார்கள்.

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் நீரை நிரப்பி, குமிழி இல்லாமல் காற்றை வெளியேற்றிவிட்டு, முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். தண்டு நகராது, கல்லை அழுத்துவது போலிருக்கும். அடுத்து ஒரு குமிழியை உள்ளே விட்டு அழுத்துங்கள். தண்டு பஞ்சுபோல் உள்ளே போய்த் திரும்பி வரும்.

டீசலும் நீரைப் போலத்தான். நூறு வளிமண்டல அழுத்தத்திலும் அதன் பருமன் நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. காற்றோ நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் அதன் உழைப்பெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது. ஒரு மிளகின் பருமன் சுமார் 65 கன மில்லிமீட்டர். அதாவது மிளகளவுக் குமிழி நான்கு தெளிப்புகளுக்கு மேலான டீசலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இத்தகைய குமிழிகள் வரிசையாக வந்தால் என்ன ஆகும்? வண்டி குலுங்கும், நிற்கும். "ஏர் பிடித்துவிட்டது" என்று ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயிகள் சொல்வது இதைத்தான்.

உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும்

டீசல் டாங்கு காரின் பின்பக்கம் இருக்கிறது. எஞ்சின் முன்னால். டாங்கிலிருந்து ஒரு மெல்லிய உலோகக் குழாய் காரின் அடியில் ஓடி வருகிறது. எஞ்சினோடு இணைந்த ஒரு சிறிய ஊட்டு பம்பு, அந்தக் குழாய் வழியே டீசலை உறிஞ்சி இழுத்து, வடிகட்டிக்குத் தள்ளுகிறது. நம் ஓட்டுநர் கையால் அடித்தாரே, அந்த நெம்புகோல் இந்த ஊட்டு பம்பைச் சேர்ந்ததுதான். வடிகட்டியைத் தாண்டி வரும் டீசலைப் பெரிய பம்பு வாங்கி, அளந்து, ஒவ்வொரு நாசிலுக்கும் முறை பிசகாமல் அனுப்புகிறது. பட்டறைக்காரர்கள் மாற்றச் சொன்னது இந்தப் பெரிய பம்பைத்தான்.

இந்த வழியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊட்டு பம்புக்கு முன்னால் இருக்கும் குழாயெல்லாம் எஞ்சின் ஓடும்போது வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. பின்னால் இருப்பதெல்லாம் கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது. தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியும். ஈரம் தெரியும், வாடை வரும், தரையில் சொட்டும். சிறு பையன்கூடக் கண்டுபிடித்துவிடலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தாலோ டீசல் வெளியே வருவதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் உள்ளே போகிறது!

இளநீர் குடிக்கும் உறிஞ்சு குழாயில், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு குண்டூசித் துளை போட்டுவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். துளை வழியே ஒரு சொட்டும் வெளியே வராது. ஆனால் வாய்க்கு இளநீரோடு குமிழிகளும் வந்து சேரும். துளையை விரலால் மூடினால் குமிழி நின்றுவிடும். (இந்த விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

மேஸ்திரியின் கேள்விகள்

காரமடைப் பக்கம் ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஒரு முதியவரிடம் ஓட்டுநரை அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். கையில் ஸ்பானரை எடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ திண்ணையில் உட்கார்ந்தபடியே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்.

"ஏந் தம்பி, காலையில எப்படி ஸ்டார்ட் ஆகுது?"

"ரொம்ப நேரம் சுத்தோணுங்க மேஸ்திரி. கையில அடிச்சா உடனே எடுத்துக்கும்."

"சுத்தும்போது பின்னால புகை வருதா?"

"வர்றதில்லீங்க. கொஞ்சம் நேரம் போனதுக்கப்புறம் வெள்ளையா வரும். அப்புறம் எடுத்துக்கும்."

"நல்லா ஓடி, சூடா இருக்கறப்போ நிறுத்திட்டுத் திருப்பிப் போட்டா?"

"அப்போ பட்டுனு எடுத்துக்குதுங்க."

மேஸ்திரி சிரித்தார். "அப்போ பம்பு மேல பழி போடாத."

இந்த மூன்று விடைகளிலிருந்து அவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்? புகையை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் சுழன்றும் பற்றாதபோது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உருளைக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இரவு முழுவதும் நின்றபின் டீசல் வந்து சேர நேரமாகிறது என்றால், வழியிலிருந்த டீசல் எங்கே போயிற்று? டாங்குக்குத் திரும்பிப் போய்விட்டது. உறிஞ்சு குழாயின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் நீர் அப்படியே தொங்கும். விரலை எடுத்தால் விழுந்துவிடும். எங்கோ ஓரிடத்தில் காற்று நுழைந்தால்தான் டீசல் பின்னால் இறங்க முடியும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பழுதானால் காலையில் குழாயில் நீர் நிற்காமல் இறங்கிவிடுகிறதே, அதே கதை.

மூன்றாவது விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய பம்பின் உள்ளுறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். தேய்ந்துபோனால் இந்த இடைவெளி அகன்று, அழுத்தப்பட்ட டீசல் அதன் வழியே நழுவிவிடும். குளிர்ந்த நல்லெண்ணெயைவிடச் சுடவைத்த நல்லெண்ணெய் எளிதாக ஓடுகிறதல்லவா? டீசலும் சூடானால் பாகுத்தன்மை குறைந்து இன்னும் சுலபமாக நழுவும். ஆகவே இத்தகைய பம்பு தேய்ந்த வண்டி, குளிர்ந்திருக்கும்போது கிளம்பி, சூடாக இருக்கும்போது கிளம்ப மறுக்கும். அத்தகைய வண்டிகளில் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைத்துக் கிளப்புவது ஓட்டுநர்கள் அறிந்த பழைய தந்திரம். நம் வண்டியின் நடத்தை இதற்கு நேர்மாறு. குற்றம் நடந்த நேரத்தில் பம்பு வேறு ஊரில் இருந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்!

ஏற்றத்தில் மட்டும் நிற்பது ஏன்? பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் கார் ஏறும்போது, மூன்று மீட்டர் பின்னால் இருக்கும் டாங்கு கால் மீட்டர் கீழே போய்விடுகிறது. அவ்வளவு உயரம் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். இது வளிமண்டல அழுத்தத்தில் நூறில் இரண்டு பங்குதான், பெரிய சுமையல்ல. அதைவிட முக்கியம், ஏற்றத்தில் எஞ்சின் சமவெளியைப் போல் இரண்டு மூன்று மடங்கு டீசல் குடிப்பது. வேகமாக இழுக்க இழுக்கக் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. துளை வழியே புகும் காற்றும் கூடுகிறது.

ஆனால் ஏற்றத்தில் திணறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வடிகட்டி அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். டாங்கு மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டாலும் வண்டி ஓடி ஓடி நிற்கும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் எண்ணெய் சரியாக ஊற்றாது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்பது உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே தெரியும். மேஸ்திரி டாங்கு மூடியைத் திறக்கச் சொல்லிக் காது கொடுத்தார். 'உஸ்' என்ற ஓசை இல்லை, மூடி நிரபராதி. வடிகட்டியின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தார். டீசலின் அடியில் இரண்டு விரற்கடை நீர் தங்கியது. டீசல் நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் நீர் அடியில் போய்விடும். டாங்குக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராவது வழக்கம். "இது வேற நோய். இதையும் பார்க்கோணும். ஆனா இது அந்த நோய் இல்ல" என்றார். வடிகட்டியை மாற்றிய பிறகும் காலைத் தொந்தரவு அப்படியே இருந்தது.

கொத்தனாரின் டியூப்

ஒன்று முதல் நூறு வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளச் சொல்லி அதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். கெட்டிக்காரன் "ஐம்பதுக்கு மேலா, கீழா?" என்றுதான் தொடங்குவான். ஒரே கேள்வியில் பாதி எண்கள் ஒழிந்துவிடும். மேஸ்திரி செய்ததும் அதுவே.

வீடு கட்டும் கொத்தனார்கள் மட்டம் பார்க்க, உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒரு டியூப் வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டு முழம் வாங்கி வந்தார். ஊட்டு பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினைவிட உயரத்தில் ஒரு சிறு கேனில் டீசலை வைத்து, அந்த டியூப் வழியே ஊட்டு பம்புக்குக் கொடுத்தார். காற்றை வெளியேற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். எஞ்சின் சீராக ஓடியது. எவ்வளவு முடுக்கினாலும் இருமவில்லை. ஊட்டு பம்பு, வடிகட்டி, பெரிய பம்பு, நான்கு நாசில்கள் எல்லாம் ஒரே சோதனையில் விடுதலை! குற்றவாளி டாங்குக்கும் ஊட்டு பம்புக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து கேனை அகற்றிவிட்டு, பழையபடி டாங்கிலிருந்தே டீசல் வரும்படி செய்து, ஊட்டு பம்புக்குச் சற்று முன்னால் டியூபின் ஒரு துண்டை இணைத்தார். எஞ்சினை முடுக்கியதும் நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் டீசலுக்குள் கடுகளவும் மிளகளவுமாகக் குமிழிகள் மணிகோத்தாற்போல் ஓடின.

காரின் அடியில் வரும் உலோகக் குழாய் எஞ்சினை நெருங்கும் இடத்தில் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாயோடு சேர்கிறது. எஞ்சின் அதிர்வதால் அங்கே வளையும் குழாய்தான் வேண்டும். மேஸ்திரி கெட்டியான கிரீசை எடுத்து, அந்த ரப்பர்க் குழாயின் முனையில், இறுக்கும் கிளிப்பைச் சுற்றிலும் அப்பினார். டியூபில் குமிழிகள் குறைந்தன. சிறிது நேரத்தில் நின்றேவிட்டன! உறிஞ்சு குழாயின் துளையை மூடிய உங்கள் விரலைத்தான் இங்கே கிரீஸ் வேலை வாங்கியது.

கழற்றிப் பார்த்தபோது ரப்பர் கட்டைபோல் இறுகியிருந்தது. கிளிப்பின் அடியில் தலைமுடி போன்ற ஒரு வெடிப்பு. வெளியே ஈரமே இல்லை. தூசுகூட உலர்ந்துதான் ஒட்டியிருந்தது. பட்டறைக்காரர்கள் கசிவு இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். கசிவு இல்லாததைக் கண்டு, குழாய் நல்லது என்று முடிவு கட்டியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரப்பர் வயதாகி இறுகுவது இயற்கை. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதைச் செய்கின்றன. பழைய வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காற்று மாசைக் குறைக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வேறு சில சேர்மங்களும் குறைகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியே பல்லாண்டு இருந்த ரப்பர் வளையங்கள், புதிய டீசலில் சற்றே சுருங்கி வழிவிடக்கூடும். அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதே பழைய வண்டிகள் சிலவற்றில் இது தெரிய வந்தது.

ஓர் எச்சரிக்கை. ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு நாசில் குழாயாகத் தளர்த்தி, எந்த உருளை வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்குகள் பார்ப்பதுண்டு. நீங்கள் அருகே நின்று பார்க்கலாம். கையை மட்டும் நீட்ட வேண்டாம். நாசிலிலிருந்து பாயும் டீசல் ஊசியைப்போல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும்; முதலில் வலிகூட அதிகம் இராது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். காயம் சிறிதாக இருக்கிறதே என்று மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அன்று மாலையே புதிய ரப்பர்க் குழாயும் இரண்டு கிளிப்புகளும் வாங்கிப் பொருத்தினார்கள். எல்லாமாகச் சேர்த்து ஒரு நாள் சவாரிக் காசுகூட ஆகவில்லை. காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, நெம்புகோலை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்கினார்கள். மறுநாள் காலை ஓட்டுநர் தொலைபேசியில் பேசினார். இரண்டாவது சுற்றிலேயே வண்டி கிளம்பிவிட்டதாம். மூன்றாம் நாள் கோத்தகிரிக்கு நால்வரை ஏற்றிப் போய் வந்துவிட்டார்.

கொத்தனாரின் டியூபை மட்டும் நாலு நாள் அப்படியே இருக்கட்டும், குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். குமிழி வரவில்லை. ஆனால் அந்த வகைப் பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பொருளை டீசல் கரைத்து எடுத்துவிடும். கழற்றியபோது டியூப் விறைத்துக் கம்பிபோல் ஆகியிருந்தது. கொத்தனாருக்குப் புதிதாக இரண்டு முழம் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.